திம்மையா பாறைக்கு ஒரு டிக்கெட்

அத்தியாயம் 7

ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் பின் ஏணியை எட்டிப் பிடித்துவிட்டான் பால்ச்சாமி. பிடித்தது வலது கை. இடது கையில் வேட்டி. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தபோது, வேட்டியை விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான். அதற்குள் கடைசி ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டு அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றியது.

"செருப்பு எங்கலே?"

துப்பறியும் சௌடப்பன் கேட்ட முதல் கேள்வி அது. உதவியாளன் உயிரோடு இருக்கிறானா என்பதெல்லாம் பிறகு.

"அருப்புக்கோட்டையில இருக்குண்ணே. ரெண்டும் ரெண்டு எடத்துல."

"சரி, உள்ள வா."

பால்ச்சாமி பின் கதவு வழியாக உள்ளே புகுந்து, யாருடைய மூட்டை மீதோ உட்கார்ந்தான். பஸ்ஸில் நிற்க இடமில்லை. கூரை மேல் பத்துப் பேர். பஸ்ஸின் பெயர் 'கடல்ராணி'. அதன் நெற்றியில் இருந்த பலகையில் எழுதியிருந்தது: 'சேதுக் கடற்கரை – தீவு இன்பச் சுற்றுலா. பாம்பன் பாலம், ராமர் பாதம், மிதக்கும் கல், அழிந்த தனுஷ்கோடி, குருசடைத் தீவு.' அதற்கும் கீழே, இன்னும் காயாத சிவப்புப் பெயிண்டில்: 'புதிது! திம்மையா பாறை.'

இந்தத் திம்மையாதான் கேஸ்.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர். கடலையே பார்த்தறியாதவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பஸ்ஸில் கடல் பார்க்கப் போனார். அன்றைக்கு பஸ்ஸில் அவரைத் தவிர வேறு பயணி இல்லை. பஸ்ஸை நடத்தும் சந்தனம் என்பவரின் சுற்றுலா அப்போது அந்த லட்சணத்தில் நடந்துகொண்டிருந்தது. போனவர் திரும்பவில்லை. தீவுக்குப் போகும் வழியில் பாறை ஒன்றில் இறங்கினார், அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார் சந்தனம். ஆமாம் என்றான் படகுக்காரன் ஒருவன். உடல் கிடைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி நாள் குறித்துவிட்டார்கள். நாளைக் காலையில் கருமாதி. நாளைக் காலையில் திம்மையாவின் மனைவி சுப்புலட்சுமியின் கழுத்திலிருந்து தாலி இறங்கும்.

அந்த அம்மாள் சௌடப்பனைத் தேடி வந்தபோது பால்ச்சாமி டீ வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அவள் போய்விட்டாள். "அந்தாளு உசிரோட இருந்தா, கருமாதிக்கு முந்திக் கூட்டியாரணும்" என்று மட்டும் சொன்னார் சௌடப்பன். மிச்சம் என்ன பேசினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை, பால்ச்சாமியும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த டீயும் அவன்தான் வாங்க வேண்டியிருக்கும்.

"தாய்மார்களே, பெரியோர்களே!"

டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருந்து தகரக் குழாய் ஒன்று முழங்கியது. குழாயின் மறுமுனையில் சந்தனம். சில்க் ஜிப்பா, பெயருக்கேற்ப நெற்றி நிறையச் சந்தனம், கழுத்தில் சோழிமாலை.

"நாம பாக்கப்போறது சாதாரணக் கடலில்ல! தனுஷ்கோடியில என்ன இருக்குன்னு கேப்பீக. ஸ்டேஷன் இருக்கு, ரயிலு இல்ல. கோயில் இருக்கு, சாமி இல்ல. வீடு இருக்கு, கூரை இல்ல! புயல் தின்னது போக மிச்சம் அம்புட்டையும் கண்ணாரப் பாக்கலாம்!"

"இல்லாததக் காட்டிப் பொழைக்கிறான்" என்றார் சௌடப்பன். "ஊரே செத்துக் கெடக்கு. அதுக்கு டிக்கெட்டு."

"ராமர் பாதம் இருக்கு, மிதக்குற கல்லு இருக்கு. எல்லாம் பழைய கதை! எந்தக் காலத்துலயோ நடந்தது! ஆனா நம்ம திம்மையா பாறை? ரெண்டு வாரம்! சுடச் சுட! அந்தப் பாறையப் படகுல சுத்தி வந்தா கடல் பேரச் சொல்லிக் கூப்புடுறது கேக்கும்!"

பஸ்ஸில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேருக்குக் கை எட்டவில்லை, அவ்வளவு நெரிசல்.

"அண்ணே, உசிரோட இருந்தப்ப அந்தாளு தெருவுல போனா நாயி கூடக் கொரைக்காதாம்" என்றான் பால்ச்சாமி. "செத்ததும் பாறைக்கே பேரு வச்சுட்டாக."

சந்தனம் இப்போது டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே அந்தப் பெட்டிக்கும் ஒரு பூச்சரம். உள்ளே மடித்து வைத்த காவித் துண்டு.

"இதுதான் திம்மையா இடுப்புல கட்டியிருந்த துண்டு! ஆளை எடுத்துக்கிட்ட கடலம்மா இத மட்டும் திருப்பிக் குடுத்துட்டா! இதுல ஒரு சாண் மணிக்கட்டுல கட்டுனா ஏழு தலைமுறைக்குத் தண்ணியில கண்டமில்ல!"

"நம்ம ஊருல தண்ணி இருந்தாத்தானண்ணே தண்ணியில கண்டம்?"

ஆனால் பால்ச்சாமியைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சந்தேகம் வரவில்லை. கண்மாய் வெடித்துக் கிடக்கும் சீமையில், குடிக்கக் குடம் தண்ணீருக்கு நாய் படாத பாடு படும் ஜனம், தண்ணீரில் மூழ்கிச் சாகாமல் இருக்க முண்டியடித்துக்கொண்டு கை நீட்டியது. சந்தனம் கத்தரியை எடுத்தார். சௌடப்பனும் கை நீட்டினார். ஓரத்துத் துண்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்து, குஞ்சம் தொங்கும் முனையாக ஒரு சாண் வாங்கினார்.

பஸ் திருச்சுழிக்குள் நுழைவதற்குள் பெட்டித் துண்டு தீர்ந்து, சந்தனத்தின் பைக்குள்ளிருந்து இன்னொன்று வந்தது. அதுவும் திம்மையா இடுப்பில் இருந்ததுதானாம்.

"இடுப்பாண்ணே அது? அரசமரமா?"

திருச்சுழியில் டீக்கு நிறுத்தினார்கள். சௌடப்பன் கடைக்குப் போகாமல், எதிர்ப்புறம் வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த நாலைந்து ஆடுகளைப் பார்த்து நடந்தார்.

"ஏலே பால்ச்சாமி. நீ நரிக்குடிக்காரன். ஆட்டுக்கு ரொம்பப் பிடிச்சது என்ன?"

"உப்புண்ணே. உப்புன்னா உசிர விட்டுரும். ஒருக்க எங்க மாமன் வேர்வைச் சட்டையக் கழட்டி வேலியில போட்டுட்டுக் குளிக்கப் போனாரு. திரும்பி வந்தா காலர் மட்டும் இருக்கு."

"இந்தா, நீட்டு."

துணியை நீட்டினான் பால்ச்சாமி. ஒரு கிடா அருகில் வந்து முகர்ந்தது. இன்னொரு தடவை முகர்ந்தது. பிறகு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, திரும்பி முள்ளையே மேயப் போனது.

"கடல்ல ஊறுன துணிய எந்த ஆடும் விடாதுண்ணே!" பால்ச்சாமி துள்ளினான். "இது கடலையே பாக்கல! துண்டு டூப்பு! கேஸு முடிஞ்சிருச்சு!"

"கேஸு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. சந்தனம் விக்கிறது டூப்புன்னு சொல்ல ஆடு எதுக்கு? அவன் மூஞ்சியே போதும். இந்த முனையப் பாரு."

துணியின் ஓரத்தில் நூல்கள் கொத்துக் கொத்தாக முறுக்கி முடியப்பட்டிருந்தன. சௌடப்பன் ஒரு முறுக்கை விரலால் பிரித்தார். அவரும் தறிக்கார வீடுதான். அப்பா இறங்கச் சொன்ன தறிக்குழியில் இறங்காமல் போலீஸில் சேர்ந்து, அங்கேயும் நிலைக்காமல் துப்பறிய வந்தவர்.

"எல்லாரும் சோத்துக் கையால முறுக்குவாக. முறுக்கு ஒரு பக்கமா ஓடும். இது மறுபக்கமா ஓடுது. பீச்சாங்கைக்காரன் முறுக்குனது. சுப்புலட்சுமி வீட்டுக்குப் போயிப் பாத்தேன், கொடியில கெடந்த புருசன் துண்டுலயும் இதே முறுக்குத்தான்."

"அப்ப, அவுக வீட்டுலேருந்து திருடிட்டு வந்த பழைய துண்டா?"

சௌடப்பன் துணியை அவன் மூக்கில் வைத்து அழுத்தினார். புளித்த கஞ்சி வாடை குப்பென்று அடித்தது.

"நூலுக்குப் போட்ட கஞ்சி வாடை இன்னும் போகல. தறியிலேருந்து அறுத்து நாலு நாளு இருக்காது. இப்பச் சொல்லு. ரெண்டு வாரத்துக்கு முன்ன செத்தவன், நாலு நாளுக்கு முன்ன துண்டு நெய்ஞ்சிருக்கான்."

பால்ச்சாமி துணியை வாங்கி, கிடாவைப் போலவே இரண்டு தடவை முகர்ந்தான்.

"உசிரோட இருக்காரா! எங்கண்ணே?"

"அத நம்ம சொல்ல வேண்டாம். சந்தனமே கூட்டிட்டுப் போவான். அவன் பையில இன்னும் நாலஞ்சு துண்டு இருக்கு. நரிக்குடி வாரதுக்குள்ள அம்புட்டும் தீரணும். சரக்குத் தீந்தா கடைக்காரன் எங்க போவான்?"

"சரக்கு எடுக்க."

"வாய் உனக்கு எதுக்கு இருக்கு? பஸ்ஸுல ஏறி ஆரம்பி."

பால்ச்சாமி ஆரம்பித்தான். கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழுந்த தன் மச்சான், மணிக்கட்டில் இந்தத் துண்டு இருந்ததால் தண்ணீரில் கால் நனையாமல் நின்ற கதையைச் சொன்னான். அந்தக் கிணற்றில் தண்ணீரே கிடையாது என்பதைச் சொல்லவில்லை. மச்சானும் கிடையாது. ஒரு மைல் போவதற்குள் பஸ் கொந்தளித்தது. ஒருவர் தன் மாட்டுக்கும் சேர்த்து வாங்கினார். தகரக் குழாயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வெட்டித் தள்ளினார் சந்தனம். முன் சீட்டில் பந்தல்குடியிலிருந்து வந்த கருவாட்டு வியாபாரி அழகுத்தாய் மட்டும் வாங்கவில்லை.

"நான் பாக்காத கடலாடா?" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "தூத்துக்குடிக் கடலு நமக்கு அடுப்படி மாதிரி. இந்தப் பக்கத்துக் கடலு எப்படியிருக்குன்னு பாக்கத்தான் வாரேன். துண்டு பாக்க வரல."

நரிக்குடிக்கு முன்பே பை காலி.

ஊருக்கு வெளியே, ரோட்டோரப் புளியமரத்தடியில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார் சந்தனம். "எல்லாரும் கட்டுச்சோத்தப் பிரிங்க. இந்தா வந்துட்டேன்" என்று காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். அந்தப் பாதையின் முடிவில் ஓடு போட்ட கட்டடம் ஒன்று. 'டுக்கு டுக்கு' என்று எஞ்சின் ஓடும் சத்தம். புகைக்குழாயில் கறுப்புப் புகை.

"எங்க ஊருலயா ஒளிச்சு வச்சிருக்கான்?" பால்ச்சாமி தலையைச் சொறிந்தான். "இங்க ஆடு இருக்கு, வயலு இருக்கு, தறியே கெடையாதுண்ணே. ஒரு தறி ஓடுனா சத்தத்துக்கு ஊரே வந்து வேடிக்கை பாக்கும்."

"அதான் சத்தத்துக்கு மேல சத்தம். அது என்ன கட்டடம்?"

"ரைஸு மில்லு. அதுல…" பால்ச்சாமி சட்டென்று நின்றான். "அண்ணே! இது ஆனி மாசம். கண்மாயில கிரிக்கெட் ஆடுறானுக. ஒரு மூட்டை நெல்லு கெடையாது. ஒரு வண்டி நிக்கல, வாசல்ல ஒத்த உமி பறக்கல. எத அரைக்கிறான்?"

"டீசலை" என்றார் சௌடப்பன்.

அவர்கள் மரங்களின் மறைவிலேயே போனார்கள். சந்தனம் பையை நிரப்பிக்கொண்டு வெளியே வந்து, வாசலைச் சாத்திவிட்டு, பஸ்ஸைப் பார்த்து நடந்தார். அவர் தலை மறைந்ததும் சௌடப்பன் கதவைத் திறந்தார். உள்ளே அரைக்கும் இயந்திரத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே பெல்ட்டே இல்லை. எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது, பட்டாளத்தில் பாதி ஆட்கள் செய்வதுபோல. சௌடப்பன் அதை நிறுத்தினார்.

எஞ்சின் இருமி அடங்கியது. அந்த அமைதியில், பின்கட்டிலிருந்து மூன்றே மூன்று அடி கேட்டது.

தடக். தடக். தடக்.

பிறகு அதுவும் நின்றது.

பின்கட்டில் புதிதாக வெட்டிய குழி. குழிக்கு மேல் தறி. குழிக்குள் காலைத் தொங்கப்போட்டபடி, இரண்டு வாரத் தாடியோடு உட்கார்ந்திருந்தார் ஒரு மனிதர். தறியில் பாதி நெய்த காவித் துண்டு. அருகே இன்னும் ஏழெட்டு, மடித்து அடுக்கி.

ஆட்களைக் கண்டதும் அவர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஆசீர்வாதம் செய்வதுபோல் வைத்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை. சௌடப்பன் அருகே குந்தி, தறிக்காரத் தெருவில் வீட்டுக்குள் பேசும் கன்னடத்தில் நாலு வார்த்தை சொன்னார். அது ஆசீர்வாதத்துக்கான பதில் அல்ல என்பது மட்டும் பால்ச்சாமிக்குப் புரிந்தது. உயர்ந்த கை பொத்தென்று விழுந்தது.

"நம்மாளா நீங்க?" என்றார் திம்மையா.

"நம்மாளுதான். கடலு எப்படி, சௌக்கியமா?"

"ஏன் சார் கேலி பண்றீக? முப்பது வருசமா நெய்யிறேன். என் துண்டு இருக்காத தோளு இந்தச் சீமையில கெடையாது. எவனாச்சும் என் பேரச் சொல்லியிருப்பானா? இப்பப் பாருங்க. பாறைக்கு என் பேரு. ஒரு சாணுக்கு அடிச்சுக்கிறாக. சந்தனத்துக்குக் கூட்டம் வேணும், எனக்குப் பேரு வேணும். யாருக்கு என்ன நட்டம்?"

"நாளைக்குக் கருமாதி. உங்க பொஞ்சாதி தாலிய எறக்கப்போறாக. தெரியுமா?"

"தெரியும்" என்றார் திம்மையா. பிறகு, கண்ணில் ஒரு ஆவலோடு குனிந்து கேட்டார்: "கூட்டம் எம்புட்டு வரும்?"

பால்ச்சாமி எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறான். ஒரு கொலைகாரனோடு ஒரே இலையில் சாப்பிட்டிருக்கிறான். யார் முன்னாலும் அவன் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

எஞ்சின் நின்றதைக் கேட்டு சந்தனம் திரும்பி ஓடிவந்தார். அவர் ஓடுவதைப் பார்த்துப் பயணிகளும் ஓடிவந்தார்கள். பின்கட்டுக் கதவில் மொத்தக் கூட்டமும் அடைத்துக்கொண்டது. செத்தவர் தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார்.

முடிந்தது சந்தனத்தின் கதை என்று நினைத்தான் பால்ச்சாமி. அவன் சந்தனத்தை அறியவில்லை. ஜிப்பாவை ஒரு முறை இழுத்துச் சரிசெய்துகொண்டார் அந்த மனிதர். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்.

"திம்மையா! கடலம்மா திருப்பிக் குடுத்துட்டாளா! பாறையப் பாக்கப் போன எடத்துல சாமியே வழியில வந்து ஒக்காந்திருக்கே!"

தடதடவென்று கூட்டம் காலில் விழுந்தது. கால் குழிக்குள் இருந்ததால் தறிக்கட்டையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தாடியைத் தடவிக்கொண்டு திம்மையா புன்னகைத்தார். சந்தனம் பையைத் திறந்துவிட்டார். புதுத் துண்டு, சாமியே தொட்டுக் கொடுப்பது!

"அண்ணே, என்னண்ணே இது? திருடனப் பிடிச்சுக் குடுத்தா சாமியாக்கிட்டானுக!"

"பொறு" என்றார் சௌடப்பன். பிறகு குரலை உயர்த்தினார். "சாமி! கடலுக்குள்ள ரெண்டு வாரம் இருந்திருக்கீக. அது எப்படியிருந்துச்சுன்னு இந்த ஜனங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க. பாவம், இனிமேத்தான் பாக்கப் போறாக."

சந்தனத்தின் முகம் முதல் தடவையாக மாறியது. "சாமி மௌனம்…" என்று குறுக்கே விழுந்தார். ஆனால் இத்தனை பேர் தன் வாயையே பார்க்கும் சந்தர்ப்பத்தை விடுகிறவரா திம்மையா?

"மடை தொறந்தாப்புல வந்துச்சு தண்ணி" என்றார். "செக்கச் செவேல்னு கலங்கலு. உள்ள எறங்குனேன். முட்டளவு சகதி. தவளையெல்லாம் ஒரே கூப்பாடு. பாசி காலச் சுத்துச்சு. தாகமா இருந்துச்சா, ரெண்டு கை அள்ளிக் குடிச்சேன்…"

கூட்டம் பக்தியோடு தலையாட்டியது. அவர்களில் யாரும் கண்மாயைத் தவிர வேறு நீரைப் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. வெற்றிலைச் சாறு நெஞ்சில் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தாள் அழகுத்தாய்.

"கடல்ல ஏதுடா தவளை? அள்ளிக் குடிச்சானாம்! ஒரு மொடக்கு குடிச்சுட்டு நீ கொடலோட இருந்திருவியா? ஏய் சந்தனம், இவன மண்டபம் வரைக்குமாச்சும் கூட்டிட்டுப் போனியா, இல்ல இங்கயே எறக்கிவிட்டுட்டியா?"

கூட்டம் அவளைப் பார்த்தது. பிறகு தறியைப் பார்த்தது. பிறகு தறியில் பாதியில் நின்ற காவித் துண்டையும், தங்கள் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தது.

அப்புறம் சந்தனத்தின் சோழிமாலை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. ஜிப்பாவில் ஒரு கை மட்டும் மிஞ்சியது. நரிக்குடி போலீஸ்காரர் வந்து அவரை மீட்டபோது அவர் நன்றியோடு போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டுத் துணியை அவிழ்த்து சந்தனத்தின் முகத்தில் எறிந்துவிட்டார்கள் எல்லாரும். இரண்டு பேர் மட்டும் அவிழ்க்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று.

மாலை வெயிலில் 'கடல்ராணி' அருப்புக்கோட்டையை நோக்கித் திரும்பி ஓடியது. முன் சீட்டில் அழகுத்தாய்க்குப் பக்கத்தில், இறங்கி ஓட முடியாதபடி உட்கார வைக்கப்பட்டிருந்தார் திம்மையா. தன் வாழ்நாளில் இவ்வளவு வசவை அவர் ஒரே மூச்சில் கேட்டிருக்க மாட்டார். பால்ச்சாமிக்கு இப்போது உட்கார சீட்டே கிடைத்திருந்தது. காலை நீட்டிக்கொண்டான்.

"நல்ல காரியம் பண்ணிட்டோம்ணே. நாளைக்கு அந்தக்கா கழுத்துல தாலி நிக்கும். ஆளைக் கண்டதும் சந்தோசத்துல மயங்கி விழுந்துருவாக. என்னமோ, இந்த மூஞ்சிக்காக மயங்கணும்னு அவுக தலையெழுத்து."

சௌடப்பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். உடைமரங்கள் பின்னால் ஓடின.

"அவுகளுக்கு ஆளு உசிரோட இருக்கிறது அன்னிக்கே தெரியும்லே."

"எப்படித் தெரியும்?"

"புருசன் கடல் பாக்கப் போன மறுநாளு தறியில ஒக்காந்திருக்காக. ஊடை நூலைக் குறுக்க ஓட்டுற நாடாக் கட்டையக் காணோம். பீச்சாங்கைக்காரன், பதினஞ்சு வருசமா பழகுன நாடா. வேற நாடா இவன் கையில நிக்காது. அதனால மறக்காம மடியில கட்டிட்டுப் போயிருக்கான். கடல் பாக்கப் போறவன் நாடாவ எதுக்கு எடுத்துட்டுப் போறான்? ரெண்டு நாளு கழிச்சு சந்தனம் வந்து, உன் புருசன் செத்துட்டான்னு மார்ல அடிச்சு அழுதப்போ, அவுக அழவே இல்லையாம்."

பால்ச்சாமி காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"தெரிஞ்சும் ஏண்ணே கருமாதிக்கு நாளு குறிக்க விட்டாக? நம்மள எதுக்குத் தேட விட்டாக?"

முன் சீட்டில், கருமாதிக்கு யார் யார் வருவார்கள் என்று அழகுத்தாயிடம் விசாரித்துக்கொண்டிருந்த திம்மையாவின் பிடரியையே பார்த்தார் சௌடப்பன்.

"செத்தவன் பொண்டாட்டின்னு ஊரு கூடி அந்தத் தாலிய எறக்கக் கூடாதாம். இவன் உசிரோட வாசல்ல நிக்கணுமாம். இவன் பாத்துக்கிட்டு இருக்கையில, ஊரு பாத்துக்கிட்டு இருக்கையில, அவுகளே கழட்டி இவன் கையில குடுக்கணுமாம்."